லாபத்துக்குப் பங்காளி, நட்டத்துக்கு யார்?



கூட்டுக் கிணறு இல்லாத ஊர் நம்ம பக்கம் குறைவு. பாகம் பிரிக்கும்போது நிலத்தைத் துண்டு போட்டார்கள், கிணத்தைத் துண்டு போட முடியவில்லை. கால் பங்கு, அரைப் பங்கு, அரைக்கால் பங்கு என்று பத்திரத்தில் எழுதினார்கள். இன்னைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. மோட்டார் காயில் எரிஞ்சா பங்குக்குத் தக்கபடி காசு போட்டுக் கட்டணும். தூர் வாரினாலும் அதே கணக்குதான். கிணறு வத்தினா எல்லாருக்கும் சேர்த்துத்தான் வத்தும். இதுல ஒரு பங்காளி மட்டும் வந்து, "மழை பேஞ்சாலும் பேயாட்டியும் எனக்கு வருசம் பூரா இத்தனை மணி நேரம் தண்ணி வந்தாகணும். வராத நாளைக்கு நீங்க மத்தவங்க எனக்குக் காசா எண்ணி வெச்சிடணும். இந்தக் கிணத்தைச் சுத்தி வேற யாரும் போர் போடவும் கூடாது" என்று சொன்னால் என்ன செய்வோம்? ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, அவனைப் பங்குலேருந்து கழட்டிவிடத்தான் பார்ப்போம்.

ஆனால் இதே பேச்சை கோட்டு சூட்டு போட்டவன் பேசினால், அதற்குப் பேர் "அரசு - தனியார் கூட்டு". இங்கிலீசுல பி.பி.பி. என்பார்கள். சீர்திருத்தம் என்பார்கள். முப்பது வருசத்துக்கும் மேலாக, ஏழை நாடுகளில் தண்ணி, கரண்டு, ரோடு என்று எதைத் தொட்டாலும் இந்த மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள். அரசாங்கத்துக்கிட்ட பணம் இல்லை, திறமை இல்லை, தனியார் வந்தால் ரெண்டும் வரும் என்பது வாதம். கேக்க நல்லாத்தான் இருக்கும். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இது வாரமா, குத்தகையா?

வாரம் என்றால் நமக்குத் தெரியும். விளைஞ்சதுல பங்கு. விளையாட்டி ரெண்டு பேருக்கும் இல்லை. குத்தகை அப்படி இல்லை. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் பேசின நெல்லை அளந்தே ஆகணும். கூட்டு என்று பேர் வைக்கத் தகுதி இருப்பது வாரத்துக்குத்தான். பி.பி.பி. என்ற பேரில் கையெழுத்தான பல ஒப்பந்தங்களின் உள்ளே இருப்பது குத்தகை. அதிலும் வேடிக்கை என்னவென்றால், பொதுச் சொத்தை வாங்கி நடத்துகிற கம்பெனி நமக்குக் குத்தகை கொடுப்பதில்லை. சொத்தையும் கொடுத்துவிட்டு, நாமதான் அவனுக்கு வருசா வருசம் குத்தகை அளக்கிறோம்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டு விவசாயிகள் அனுபவித்துப் பார்த்தார்கள். அந்தக் கதையை நம்ம ஊர் மேடைகளில் அரைகுறையாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முழுசாகச் சொல்லவேண்டிய கதை அது.

கொச்சபம்பா என்பது மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் நகரம், சுற்றிலும் மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிடும் சிறு விவசாயிகள். அங்கேயும் நம்மைப் போலவே முறைத் தண்ணி உண்டு. தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பராமரித்த வாய்க்கால், ஊர் கூடித் தோண்டிய கிணறு, யாருக்கு எப்போது மடை திறப்பது என்ற எழுதாத சட்டம், எல்லாம் உண்டு. நகராட்சிக் குழாய் எட்டாத புறநகர் ஏழைகள் கூட்டுறவு போட்டு, சொந்தக் காசில் போர் போட்டு, குழாய் பதித்துத் தண்ணி குடித்தார்கள். அரசாங்கம் ஒரு பைசா தரவில்லை.

1999 செப்டம்பரில் அந்த நகரத்தின் தண்ணி விநியோகத்தை 40 வருசத்துக்கு ஒரு கம்பெனிக் கூட்டத்திடம் கொடுத்தார்கள். பேர் அகுவாஸ் தெல் துனாரி. பின்னால் இருந்தது அமெரிக்காவின் பெக்டெல் கம்பெனி. ஏலத்துக்கு வந்தது அந்த ஒரே ஆள்தான். ஒத்தை ஆள் கேட்கும் ஏலத்துக்கு நம்ம ஊர் மாட்டுச்சந்தையில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும்! ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சராசரி 16 சதவீதம் அளவுக்கு லாபம் உத்தரவாதம். அதே வருசம் உலக வங்கி தன் அறிக்கையில், அங்கே தண்ணிக் கட்டணம் ஏறினால் அதைத் தணிக்க அரசு மானியம் தரக் கூடாது என்று எழுதியது.

ஒப்பந்தம் போட்ட அடுத்த மாசம், அக்டோபரில், ஒரு சட்டம் வந்தது. 2029-ஆம் எண் சட்டம். விசயமே இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த எல்லைக்குள் தண்ணி விநியோகம் செய்ய அவன் ஒருத்தனுக்கே உரிமை என்பது அதன் சாரம். அப்படியானால் ஊர் கூடித் தோண்டிய கிணறு? அதிலும் மீட்டர் மாட்டலாம், காசு கேட்கலாம் என்ற நிலை வந்தது. (மழைத் தண்ணியைத் தொட்டியில் பிடிக்கக்கூட லைசென்சு கேட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகைப்படுத்திய பேச்சு. அதைச் சொல்லித்தான் நாம ஜெயிக்கணும் என்றில்லை. கிணத்து விசயம் ஒண்ணே போதும்.)

நகரத்து மக்கள் விழித்தது 2000 ஜனவரியில், புது பில் கைக்கு வந்தபோது. பலருக்குக் கட்டணம் இரட்டிப்பாகியிருந்தது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 70 டாலருக்கும் கீழே இருந்த ஊரில் 20 டாலர் பில் வந்த வீடுகள் உண்டு. ஆனால் விவசாயிகள் அதற்கு முன்பே, 1999 நவம்பரிலேயே, ரோட்டை மறித்துவிட்டார்கள். அவர்களுக்கு பில்லே வரவில்லை. சட்டத்தைப் படித்ததும் ஆபத்து புரிந்தது. பாசன விவசாயிகள் சங்கத்தை நடத்தியவர் ஓமர் பெர்னாண்டஸ். செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியான ஆஸ்கார் ஒலிவேரா நகரத்துத் தொழிலாளர்களைத் திரட்டினார். கிராமத்து வாய்க்கால்காரனும் நகரத்துக் குழாய்க்காரனும் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்தார்கள். மார்ச் மாசம் அவர்களே ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 50,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். நூத்துக்கு 90-க்கும் மேல் ஒப்பந்தத்தை ரத்து பண்ணு என்றார்கள். அரசாங்கம் இதற்கு மதிப்பில்லை என்றது. ஏப்ரலில் ஊரே தெருவுக்கு வந்தது. அவசர நிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். 17 வயசுப் பையன் ஒருவன் குண்டடி பட்டுச் செத்தான். அதற்கப்புறம்தான் ஒப்பந்தம் ரத்தானது, சட்டமும் மாறியது.

கதையை இதோடு முடித்துக் கைதட்டுபவர்கள் உண்டு. மீதியையும் கேளுங்கள். கம்பெனி சும்மா போகவில்லை. நெதர்லாந்து நாட்டு விலாசத்தை வைத்துக்கொண்டு, உலக வங்கியைச் சேர்ந்த பன்னாட்டு நடுவர் மன்றத்தில் பொலிவியா மேல் நட்டஈடு வழக்குப் போட்டது. வழக்கு விசாரணை கதவை மூடிக்கொண்டு நடந்தது. உலகம் பூரா கண்டனம் வந்து, 2006 ஜனவரியில் ரெண்டு பொலிவியானோவுக்கு, அதாவது நம்ம கணக்கில் சில ரூபாய்க்கு, பேருக்கு ஒரு பைசல் செய்துகொண்டு விலகினார்கள். எல்லா நாட்டுக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது.

இன்னொன்று. கம்பெனி போனதும் குழாயில் தேனாறு ஓடிவிடவில்லை. தண்ணி வாரியம் பழையபடி பொது நிர்வாகத்துக்கு வந்தது. ஆனால் நிர்வாகக் கோளாறும் ஊழலும் தொடர்ந்தன. தெற்குப் பகுதிக் குடிசைகள் வெகுகாலம் லாரித் தண்ணிக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருந்தன. நிலைத்து நிற்கும் வெற்றி கிடைத்தது விவசாயிகளுக்குத்தான். கிராமச் சமூகங்களின் பழைய தண்ணி வழக்கத்தைப் புதுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2004-இல் பாசனச் சட்டம் வந்து, அவர்களது தண்ணி உரிமையை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்தது. பில் வந்த பிறகு எழுந்தவனைவிட, பில் வருமுன்னே சட்டத்தைப் படித்தவனுக்குப் பலன் அதிகம்.

சரி, பொலிவியா எங்கோ இருக்கு, நம்ம நாட்டுல நடக்குமா என்கிறீர்களா? கொச்சபம்பா ஒப்பந்தத்துக்கு ஒரு வருசம் முன்னாலேயே நடந்தது. இன்றைய சத்தீஸ்கர், அன்றைக்கு மத்தியப் பிரதேசம். துர்க் மாவட்டத்தில் சிவநாத் ஆறு. போராய் தொழிற்பேட்டைக்குத் தண்ணி தருவதற்கென்று 1998-இல் ரேடியஸ் வாட்டர் என்ற கம்பெனியோடு 22 வருச ஒப்பந்தம் போட்டார்கள். ஆற்றில் 23 கிலோமீட்டருக்கும் மேல் அந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டுக்குள் போனது. கரையோர விவசாயி மோட்டார் வைக்கக் கூடாது, மீனவர் வலை போடக் கூடாது என்று தடுத்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து குளித்த ஆற்றில் இறங்க யாரோ ஒருத்தன்கிட்ட அனுமதி!

அந்த ஒப்பந்தத்தின் உள்குத்து இன்னும் மோசம். தினமும் 40 லட்சம் லிட்டருக்கான காசை அரசு நிறுவனம் கம்பெனிக்குக் கட்டியே ஆகணும். தொழிற்பேட்டைக்கு அவ்வளவு தண்ணி தேவைப்பட்டதா, எடுத்தார்களா என்பதெல்லாம் கணக்கில்லை. கோடிக்கணக்கான மதிப்புள்ள அரசுச் சொத்தை ஒரு ரூபாய்க்குக் கம்பெனியிடம் விட்டார்கள். 2007-இல் சத்தீஸ்கர் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொன்னது, சம்பந்தப்பட்டவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஒப்பந்தத்தை முறிப்போம் என்று ஆட்சியில் இருந்தவர்களும் பேசினார்கள். நட்டஈடு எவ்வளவு கேட்பானோ என்ற பயத்தில் பேச்சு பேச்சாகவே நின்றது.

கரண்டிலும் இதேதான். 1992-இல் தனியார் மின் நிலையங்களுக்கு மத்திய அரசு 16 சதவீத லாபம் தருவதாக விதி செய்தது. பாருங்க, அங்கேயும் 16, இங்கேயும் 16. எந்தச் சோசியக்காரன் சொன்ன நம்பரோ தெரியவில்லை! அந்தக் கொள்கையில் வந்ததுதான் மகாராஷ்டிராவில் என்ரான் கம்பெனியின் தாபோல் மின் நிலையம். கரண்டு எடுத்தாலும் எடுக்காட்டியும் நிலையத்துக்கான காசைக் கட்டணும், அதிலும் டாலர் ஏறினா நம்ம பில்லும் ஏறும். 1999-இல் ஓட ஆரம்பித்தது. 2001-இல் மகாராஷ்டிர மின் வாரியம் இந்த விலைக்கு எங்களால் முடியாது என்று கையை விரித்தது. அந்த வருசக் கடைசியில் என்ரானே திவாலானது. நெல்லு வெளஞ்சு அடிமாட்டு விலைக்குப் போகும்போது நமக்கு 16 சதவீத லாபம் யாராவது உத்தரவாதம் கொடுத்தார்களா? செலவோடு பாதி சேர்த்துக் கொடு என்று சுவாமிநாதன் குழு 2006-லேயே சொல்லியும், அதுக்கு இன்னும் மனு எழுதிக்கிட்டுத்தானே இருக்கோம்?

இப்போது நம்ம வாசலுக்கு வருவோம். பவானி ஆற்றிலிருந்து திருப்பூருக்குத் தண்ணி கொண்டுபோன திட்டம். இந்தியாவில் இந்த மாதிரித் தண்ணித் திட்டங்களுக்கு முன்னோடி என்று உலகம் பூரா காட்டிய திட்டம். 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 30 வருச உரிமை, தினமும் 18 கோடியே 50 லட்சம் லிட்டர். ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், தமிழக அரசு, ஏற்றுமதியாளர்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய கம்பெனி. 2005-இல் தண்ணி ஓட ஆரம்பித்தது. சாயப்பட்டறைக்கு 1,000 லிட்டர் 45 ரூபாய், வீட்டுக்கும் கிராமத்துக்கும் அதைவிட ரொம்பக் குறைவு. திருப்பூர் மக்களும் வழியோரக் கிராமங்களும் குடிதண்ணி பெற்றது மெய். அதை மறைத்து நாம பேச வேண்டியதில்லை. தாகத்துக்குத் தண்ணி கொடுக்காதே என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மொத்தத் திட்டமும் சாயப்பட்டறை வாங்கும் தண்ணியின் மேல் நின்றது. அந்தச் சாயத் தண்ணி நொய்யலில் விழுந்து, ஒரத்துப்பாளையம் அணையை விசத் தொட்டியாக்கி, கீழே இருந்த தென்னையையும் கிணத்தையும் கெடுத்தது. நொய்யல் விவசாயிகள் வருசக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணி வாங்க ஆள் குறைந்தது, கம்பெனியின் வருமானம் விழுந்தது, கடனை மறுபடி பேசித் தள்ளிப்போட வேண்டி வந்தது. 2018-இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனமே 90,000 கோடிக்கு மேல் கடனோடு கவிழ்ந்து, மத்திய அரசு அதன் நிர்வாகக் குழுவைக் கலைத்தது. ஆக, தனியார் திறமை என்று நம்பிக் கைகோத்த ஆள் நடு ஆற்றில் மூழ்கினான். பவானித் தண்ணிக்கு உரிமை கேட்டு எத்தனை காலமாகப் பாசனக்காரர்கள் போராடுகிறோம். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டா இந்தக் கணக்கைப் போட்டார்கள்?

"அப்போ அரசாங்கம் நடத்தினா மட்டும் ஒழுங்கா நடக்குதா?" என்று எதிராளி கேட்பான். நடக்கவில்லை. அதை நாமே சொல்லிவிடுவோம். மதகு துருப்பிடித்துக் கிடக்கு. தூர் வாரினதாகப் பில் மட்டும் பாஸாகுது. மோட்டார் கனெக்சனுக்கு மனு கொடுத்தவன் வருசக்கணக்கில் காத்திருக்கான். காசு கொடுக்காம எந்த ஆபீசில் ஃபைல் நகருது? அரசாங்கம் திருந்தணும் என்பதில் நமக்கு யாரைவிடவும் அக்கறை அதிகம். ஆனால் அரசாங்கத்தைத் திருத்துவது வேறு, அரசாங்கத்தைக் கழட்டி வெளியே வைப்பது வேறு.

1972-ஐ நினைச்சுப் பாருங்க. கரண்டு கட்டணத்தைப் பைசாக் கணக்கில் ஏற்றியதுக்கு, நாராயணசாமி நாயுடு காலத்து விவசாயிகள் கோயம்புத்தூர் ரோட்டில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போச்சு. இலவச மின்சாரம் அப்படி விதைச்ச விதையில் முளைச்சது. அன்றைக்கு எதிரே நின்றது நம்ம ஓட்டு வாங்கின அரசாங்கம். ஏத்தினதும் அதுதான், இறங்கி வந்ததும் அதுதான். முப்பது வருச ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த பிறகு யார் வாசலில் வண்டியை நிறுத்துவது? மந்திரியைக் கேட்டால் ஒப்பந்தம் என்பார். அதிகாரியைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்பார். கம்பெனி ஆபீஸ் எந்த ஊரில் இருக்குமோ! ஆட்சி அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாறும், ஒப்பந்தம் மாறாது.

ஒரு ஒப்பந்தம் கெட்டுப்போனால் முறிக்கவே முடியாது என்றும் இல்லை. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுத் தலைநகரம்போல இருக்கிற தார் எஸ் சலாமில், 2003-இல் பத்து வருசத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக் கூட்டிடம் தண்ணியைக் கொடுத்தார்கள். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று 2005-லேயே அந்த அரசு வெளியே அனுப்பியது. வழக்கு நடந்தது, 2008-இல் கம்பெனிக்கு நட்டஈடு இல்லை என்று தீர்ப்பானது. முதுகெலும்பு இருந்தால் செய்யலாம். ஆனால் முள்ளுல சேலையைப் போட்டுட்டு மெல்ல எடுக்கிறதைவிட, போடாம இருக்கிறது நல்லது.

இன்றைக்கு என்ன ஆபத்து? 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,600 கோடியில் ஒரு பாசன நவீனமயத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வாய்க்காலுக்குப் பதிலாகப் பூமிக்கடியில் அழுத்தக் குழாய், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கருவி வைத்துத் தண்ணிக் கணக்கு, பிறகு நிர்வாகத்தைத் தண்ணீர் உபயோகிப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பது. இதில் நல்லதும் இருக்கலாம். கடைமடைக்குத் தண்ணி எட்டினால் யாருக்குக் கசக்கும்? ஆனால் அளக்கிறவன் என்றைக்காவது காசு கேட்பான் என்பது நமக்குத் தெரியாததா? குழாய் வெடித்தால், பம்பு நின்றால், அந்தக் கருவி பழுதானால் செலவு யாருடையது? சங்கத்தால் முடியாதபோது அதை எடுத்து நடத்த யார் வந்து நிற்பார்கள்? இதற்கெல்லாம் குழி தோண்டும் முன்னால் எழுத்தில் பதில் வேணும்.

நம்ம கோரிக்கை ஒண்ணும் பெரிய தத்துவம் இல்லை. தண்ணி, கரண்டு சம்பந்தமான எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன்னால் தமிழில் அச்சடித்துக் கிராம சபையில் படிக்கணும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் வணிக ரகசியம் என்று 8-ஆம் பிரிவைக் காட்டிக் கதவைச் சாத்தக் கூடாது. பொது நலன் பெரிசு என்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவிலேயே இருக்கு. லாப உத்தரவாதமும், எடுக்காத தண்ணிக்குக் காசும், அவன் ஒருத்தனுக்கே உரிமை என்ற வரியும் எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக் கூடாது. மாமூல் பாசனமும் கிணத்துத் தண்ணியும் எந்தக் கம்பெனி எல்லைக்குள்ளும் வராது என்று சட்டத்தில் எழுதணும். வழக்கு வந்தால் நம்ம நாட்டுக் கோர்ட்டில், கதவு திறந்திருக்க நடக்கணும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்குக் கிராம சபை உண்டு. தீர்மானத்தின் வாசகத்தை இந்தத் துண்டுப் பிரசுரத்தோடு சேர்த்து ஊர்க் கிளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பொம்பளைங்களையும் கூட்டி வாங்க, குழாயடியில் நிக்கிறது அவங்கதான். தீர்மானத்தைத் தலைவர் எடுக்க மறுத்தால் அதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்க. எழுதின நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.